சொட்டுச் சொட்டாய்ப் போகும் துட்டு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சமூகத் துணைக் குழுவின் சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் வங்கிக் கடன் பற்றி நிறையப் பேசியாச்சு. இன்னைக்குக் கடன் பேச்சு இல்லை. நம்ம வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசப் போறோம். "இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்கா ஒருத்தர் சிரிக்கிறாங்க. சிரிங்க அக்கா, கணக்கைச் சொன்ன பிறகும் சிரிப்பு வருதான்னு பார்ப்போம்.

தண்ணீரின் அருமையை நம்ம இராமநாதபுரத்துப் பெண்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு ஊருணிக்கும் தெருக்குழாய்க்கும் நடந்தவர்கள் நாம். பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. நம்மில் பலர் குடிக்கிறது திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, அத்தனை தூரம் குழாயிலேயே வந்து சேருகிற தண்ணீர். அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் நம்ம வாசல் வரைக்கும் வந்துவிட்டு, கடைசி மூன்றடியில் குழாய் வாய் வழியாகச் சொட்டி மண்ணுக்குள் போகிறது. குடம் சுமந்த காலத்தில் வழியில் ஒரு கை தண்ணீர் சிந்தினாலும் மனசு பதறும். குழாய் வீட்டுக்குள் வந்த பிறகு அந்தப் பதற்றம் நமக்குக் குறைந்து போனது என்னவோ உண்மை.

நாங்கள் துணைக் குழுவாகச் சில வீடுகளுக்குப் போய்ப் பார்த்தோம். சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு வாளி, குழாய்க் கழுத்தில் கிழிந்த சேலைத் துண்டு ஒரு கட்டு, தொட்டி வழிகிற இடத்தில் நாலு வாழைக்கன்று. "தண்ணீர் வீணாகலையே, வாழைக்குத்தானே போகுது" என்று சொன்னார்கள். வாழைக்குப் பாய்ச்ச வேண்டுமென்றால் பாத்திரம் கழுவின தண்ணீர் போதுமே! மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றின தண்ணீரை எதற்கு விடணும்? ஏற்றுவதற்குக் கரண்டு காசு கொடுத்திருக்கிறோம்.

நம்ம குழுக் கணக்கு எப்படி? சேமிப்பு, சந்தா, உள்கடன், வட்டி, அபராதம் எல்லாமே நோட்டில் ஏறும். ஐந்து ரூபாய் குறைந்தால் கூட்டம் கலையாது. அப்படிக் கணக்குப் பார்க்கிற நம்ம வீட்டிலேயே எந்த நோட்டிலும் ஏறாமல் ஒரு செலவு ராத்திரி பகலாக நடந்துகொண்டிருக்கிறது. இதற்கு ரசீது வராது என்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அதை அளக்க மீட்டர் வேண்டாம். ஒரு டம்ளர் போதும். காப்பி குடிக்கிற 200 மில்லி டம்ளரைச் சொட்டுகிற குழாய்க்குக் கீழே வையுங்க. கடிகாரத்தைப் பாருங்க. எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது?

இருபது நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேலே போகுது. நம்ம பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அப்போ தினம் ஒரு குடம். பத்து நிமிடத்தில் நிரம்பினால் இரண்டு குடம். ஐந்து நிமிடத்தில் நிரம்பினால் நாலு குடம். இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும், வேறு கணக்கு வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்று மெதுவாகச் சொட்டுகிற குழாய்கூட நாளைக்கு நாலு லிட்டர் சொச்சம் குடிக்கும். மாதத்துக்கு எட்டுக் குடம்.

கோடை வந்தால் டிராக்டர்த் தண்ணீர், லாரித் தண்ணீர் என்று குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஊருக்கு ஊர் விலை வேறு. குடம் ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். டம்ளர் பத்து நிமிடத்தில் நிரம்புகிற குழாய் ஒன்று உங்கள் தொட்டியில் இருந்தால், காசு கொடுத்து ஊற்றின தண்ணீரில் தினம் பத்து ரூபாய், மாதம் 300 ரூபாய் தரையில் போகிறது. உங்கள் குழுவில் மாதச் சேமிப்பு எவ்வளவு? நீங்களே சொல்லுங்க. (கூட்டத்தில்: "நூறு ரூபாய்", "இருநூறு".) பார்த்தீங்களா, குழுவில் போடுகிறதைவிடக் குழாயில் போடுவது அதிகமாக இருக்கிறது!

ஒன்று ஞாபகம் வைக்கணும். தொட்டியிலிருந்து வருகிற குழாய் 24 மணி நேரமும் சொட்டும். ஊராட்சித் தண்ணீர் நேராக வருகிற குழாய், தண்ணீர் விடுகிற ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் சொட்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பயந்துவிட வேண்டாம். முதலில் தொட்டிக் குழாயைப் பாருங்க.

இன்னொரு அளவையும் சொல்லிவிடுகிறோம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்துத்தான். ஐந்து நிமிடத்தில் டம்ளரை நிரப்புகிற குழாய் நாள் முழுக்கச் சொட்டினால் 57 லிட்டருக்கு மேலே போகும். அப்படியொரு குழாய் இருக்கிற வீட்டில் ரேஷன் கார்டில் பேர் இல்லாத ஆள் ஒருத்தர் குடியிருக்கிறார் என்று அர்த்தம். தனக்குரிய பங்கை முழுசாக வாங்கிக்கொள்கிறார், ஒரு வேலையும் செய்வதில்லை.

சரி, சொட்டுகிற குழாய் கண்ணுக்குத் தெரியும். தெரியாத கசிவுதான் பெரிய திருடன். அதை எப்படிப் பிடிப்பது?

தொட்டியில் ராத்திரிச் சோதனை செய்யணும். படுக்கப் போகும் முன்னால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஒரு நீளக் குச்சியைத் தொட்டியின் அடி வரைக்கும் விட்டு எடுங்க. நனைந்த இடத்தில் ஒரு கோடு. மூடியை மூடிடுங்க. காலையில் யாரும் குழாயைத் தொடும் முன்னால் திரும்ப அதே இடத்தில் குச்சியை விட்டுப் பாருங்க. தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. மூன்றடிக்கு நாலடி சிமெண்ட் தொட்டியில் ஒரே ஒரு இஞ்சு இறங்கினால் 28 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். ஒரு இஞ்சுதானே என்று விட்டுவிடக் கூடாது.

மறுநாள் ராத்திரி இன்னொரு வேலை. தொட்டியிலிருந்து வீட்டுக்குள் போகிற குழாயில் கேட் வால்வு இருக்கும். அதையும் மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்க. வால்வை மூடியும் தண்ணீர் இறங்கினால் தொட்டியிலேயே ஓட்டை, விரிசல். வால்வை மூடினால் இறங்கவில்லை, திறந்து வைத்தால் இறங்குகிறது என்றால் தொட்டி நல்லா இருக்கு, குழாய் வழியில்தான் கோளாறு. கொத்தனாரைக் கூப்பிடணுமா, குழாய்க்காரரைக் கூப்பிடணுமா என்பது இந்த இரண்டு ராத்திரியிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் கூலி.

பகலில் கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. நம்ம பக்கத்துத் தண்ணீர் உப்பாக இருப்பதில் ஒரே ஒரு லாபம் இதுதான்: குழாய் மூட்டில் மெல்லக் கசிந்தால் தண்ணீர் காய்ந்துபோய் உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். கை வைத்தால் ஈரமே இருக்காது, ஆனால் வெள்ளை இருக்கும். அந்த மூட்டை நம்பாதீங்க. சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்வது, கோடையிலும் பாசி பிடித்த மூலை, காய்ந்த தரையில் ஒரே ஒரு இடத்தில் பச்சைப் புல், நாய் தினமும் போய்ப் படுக்கிற ஒரு குளிர்ந்த இடம், இதெல்லாம் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும். சுவர் இப்படி ஊறிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பெயர்ந்து, கடைசியில் வீட்டு ரிப்பேருக்கு உள்கடன் கேட்டு மனு எழுதுகிற நிலைமை வரும்.

ஃப்ளஷ் தொட்டி வைத்த கழிப்பறை இருந்தால், வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை நாலு சொட்டு அந்தத் தொட்டியில் விடுங்க. அரை மணி நேரம் யாரும் போக வேண்டாம். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் சரியாக அடைக்கவில்லை. சத்தமில்லாமல் போகிற தண்ணீர் இது. வாளியில் மொண்டு ஊற்றுகிற கழிப்பறை என்றால் இந்தத் தொந்தரவே கிடையாது.

மோட்டார் இருக்கிற வீட்டுக்கு வருவோம். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்டு. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சீரியலில் உட்கார்ந்துவிடுகிறோம், தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடுகிறோம். 500 லிட்டர் தொட்டி 20 நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் நிமிடத்துக்கு 25 லிட்டர். பத்து நிமிடம் வழிந்தால் 250 லிட்டர், பதினாறு குடத்துக்கு மேலே! இதற்குக் கரண்டு மாதத்துக்கு ஐந்து யூனிட்தான் கூடும், பெரிய தொகை இல்லை. ஆனால் யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற கணக்கு என்பதால், நம்ம வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று பழைய பில்லை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. படி மாறுகிற இடத்தில் நிற்கிற வீட்டுக்கு இந்த ஐந்து யூனிட்டும் வலிக்கும்.

இதைவிடப் பெரிய செலவு வேறொன்று. மோட்டார் போடும்போதெல்லாம் முதலில் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். கிணற்றிலோ தரைத் தொட்டியிலோ இறங்குகிற குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு கசிகிறது, இல்லையென்றால் அந்தக் குழாய் எங்கேயோ காற்று வாங்குகிறது. அப்படியே விட்டால் ஒரு நாள் தண்ணீர் எடுக்காமல் மோட்டார் வெறுமனே ஓடி, சூடேறி, காயில் கருகிவிடும். காயில் கட்ட ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அதோடு, சரியாகும் வரைக்கும் விலைத் தண்ணீர். ஃபுட் வால்வை மாற்றுவது இந்தச் செலவில் ஒரு துண்டுதான்.

இப்போது சொட்டுகிற குழாயைச் சரிசெய்கிற வேலை. "வீட்டுக்காரர் ஊரிலிருந்து வரட்டும்" என்று காத்திருக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்? சிலருக்கு வீட்டுக்காரர் சென்னையில், சிலருக்கு சவூதியில். ஒரு குழாய்க்காக டவுனிலிருந்து பிளம்பர் வரமாட்டார். வந்தாலும் வந்து போகிற காசு குழாய் விலையைத் தாண்டும். இந்த வேலை தையல் மிஷினுக்கு ஊசி மாற்றுகிற அளவு வேலைதான்.

முதலில் தண்ணீர் எங்கே வருகிறது என்று பாருங்க. குழாயை மூடினாலும் வாய் வழியாகச் சொட்டினால் உள்ளே இருக்கிற ரப்பர் வாசர் தேய்ந்துவிட்டது. கைப்பிடிக்குக் கீழே, தண்டைச் சுற்றிக் கசிந்தால் அங்கே இருக்கிற நட்டை ஸ்பேனரால் லேசாக முடுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். சுவரோடு சேருகிற இடத்தில் கசிந்தால் மரையில் சுற்றின டேப்பு போய்விட்டது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பி, எல்லாவற்றுக்கும் எம்-சீல் வைத்து அப்புகிறார்கள். குழாய் வாயில் சொட்டுவதற்கு வெளியே எதை அப்பினாலும் நிற்காது.

வாசர் மாற்றும்போது கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்க. குழாயின் தலைப் பகுதியை ஸ்பேனரால் கழற்றினால் தண்டோடு வெளியே வரும். அதன் அடியில் வட்டமாக ரப்பர் இருக்கும். தேய்ந்து, நடுவில் மோதிரம் போலப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பழைய ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்க, அதே அளவு கிடைக்கும். அரை இஞ்சு, முக்கால் இஞ்சு என்று வாயால் சொல்லி மாற்றி வாங்கி வந்து அலைவதைவிட இது மேல். சில ரூபாய்ச் சாமான்தான். புதுசைப் போட்டு, முன்பு இருந்தபடியே முடுக்கி, வால்வை மெதுவாகத் திறங்க. பலத்தையெல்லாம் போட்டுக் குழாயை இறுக்கி மூடுகிற பழக்கத்தை அன்றோடு விட்டுவிடணும். இறுக்க இறுக்க ரப்பர்தான் வெட்டுப்படும். மாமியார் இறுக்கினால் மருமகளால் திறக்க முடியவில்லை என்று சண்டை வந்த வீடும் நமக்குத் தெரியும்!

மரையில் கசிந்தால் டேப்பு. பழைய டேப்பை நகத்தால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மரை நம்மைப் பார்த்த மாதிரி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றுகிற பக்கமாகவே இழுத்து இறுக்கிச் சுற்றணும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போதே உரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் குழாயில் கால் சுற்றுத் திருப்பினாலே மூடுகிற வகை ஒன்று இருக்கிறது. அது சொட்டினால் வாசர் தேடாதீங்க, குழாயையே மாற்றிவிடுவதுதான் வழி. பி.வி.சி. குழாய் வெடித்த இடத்தில் சைக்கிள் டியூப் கட்டுவது அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான். வெடித்த துண்டை அறுத்து எடுத்து, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை தடவிக் கப்ளர் போடணும். பசை நன்றாகக் காய்கிற வரைக்கும் தண்ணீர் விடக் கூடாது. அவசரப்பட்டு விட்டால் செய்த வேலை எல்லாம் போயிடும். மோட்டார்ப் பக்கம் கை வைக்கும் முன்னால் மெயின் சுவிட்சை அணைப்பதை யாரும் மறக்க வேண்டாம். ஈரக் கையோடு அந்தப் பக்கமே போகாதீங்க.

இதுவரை சொன்னது வீட்டுக்குள். வாசலுக்கு வெளியே சாக்கடை ஓரமாகப் போகிற ஊராட்சிக் குழாய் கசிந்தால் அது யாருடைய வேலை என்று விட்டுவிடுகிறோம். நமக்கு வருகிற தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. தண்ணீர் வருகிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். நின்ற பிறகு உள்ளே வெறுமையாகி, வெளியே தேங்கி நிற்கிற சாக்கடையை அதே ஓட்டை வழியாக உள்ளே இழுக்கும். மறுநாள் முதலில் வருகிற தண்ணீரில் அதுதான் வரும். வீட்டு இணைப்பில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருந்தால் இன்னும் மோசம், அவர்கள் சாக்கடையையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆஸ்பத்திரிச் செலவு, பஸ் செலவு, தாய்க்கு இரண்டு நாள் வேலை போச்சு. குழுக் கூட்டத்தில் "இந்த மாசம் தவணை கட்ட முடியலை" என்று தலை குனிந்து நிற்கிற சகோதரியிடம் விசாரித்தால், பாதி நேரம் காரணம் ஆஸ்பத்திரிதான்.

அதுமட்டுமா? முதல் தெருவில் கசிந்து போகிற தண்ணீர் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேராது. பல ஊர்களில் கடைசித் தெரு என்பது காலனி. அவர்கள் குடத்தோடு நம் தெருக்குழாய்க்கு வந்தால் சண்டை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று டேங்க் ஆபரேட்டரைத் திட்டுகிறோம், தண்ணீர் வழியில் போகிறதை யாரும் பேசுவதில்லை. இதைக் கூட்டமைப்பு பேசித்தான் ஆகணும் என்பது எங்கள் துணைக் குழுவின் கருத்து.

வெறுமனே "குழாய் உடைஞ்சிருக்கு" என்று ஊராட்சிச் செயலரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார். எந்தத் தெரு, எந்த வீட்டுக்கு எதிரே, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒரு நகல் நம்மிடம் வைத்துக்கொள்ளணும். அப்படியும் நடக்கவில்லை என்றால் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நாலு இருந்தது, 2022-லிருந்து உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், நவம்பர் 1-ம் சேர்ந்தது. போய் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வரக் கூடாது. தீர்மானத்தில் குழாய் ஏறியதா என்று படிக்கச் சொல்லிக் கேட்கணும். ஜல் ஜீவன் விதிப்படி கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். உங்கள் ஊர்க் குழுவில் அந்தப் பெண்கள் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. சில ஊரில் பெயர் இருக்கிற பெண்ணுக்கே தன் பெயர் இருப்பது தெரியாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக ஸ்பேனர் வாங்க வேண்டாம். நாலைந்து குழு சேர்ந்து ஒரு பெட்டி வாங்கலாம். ஒரு பைப் ரெஞ்ச், திருகு ஸ்பேனர் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், ஆக்ஸா பிளேடு, உப்புத்தாள், டேப்பு நாலைந்து சுருள், அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் கொஞ்சம் வாசர். பெட்டி ஒரு ஊக்குநர் வீட்டில் இருக்கட்டும். எடுத்துப் போகிறவர் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகட்டும், தீர்ந்துபோன சாமானுக்குக் காசு அன்றே வைக்கட்டும். குழுவுக்கு இரண்டு பேர், கை வேலையில் ஆர்வம் இருக்கிறவர்களாகப் பார்த்துப் பெயர் கொடுங்க. பழைய குழாய் நாலைந்தைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அவற்றைக் கழற்றிப் பூட்டிப் பழகலாம். வயது தடையில்லை, படிப்பும் தடையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் பாஸ்புக்கோடு ஒரு துண்டுத் தாளும் எடுத்துட்டு வாங்க. வீட்டில் எத்தனை குழாய், எது சொட்டுது, டம்ளர் எத்தனை நிமிடத்தில் நிரம்புச்சு, ராத்திரிச் சோதனையில் எவ்வளவு இறங்குச்சு. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வாங்கிக்கலாம். பெட்டி வாங்குவது பற்றித் தீர்மானம் போட அந்தத் தாள்கள்தான் வேணும்.